பத்தாவது முளை

“ஒம்பது போட்டேன் சார். பத்து முளைச்சிருக்குது.”

துப்பறியும் உமாபதியின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பெண் இதைச் சொல்லிவிட்டு, யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அறையில் உமாபதியையும் அவருடைய உதவியாளர் ஜெயப்ரியாவையும் விட்டால் ஒரு மின்விசிறிதான் இருந்தது. சுவிட்சைப் போட்டாலும் அசையாத அந்த மின்விசிறி, கேட்டதை வெளியில் சொல்லும் ரகம் இல்லை.

“பரவாயில்லையே. பேங்க்கைவிட நல்ல வட்டி,” என்றாள் ஜெயப்ரியா.

“ஜெயா.”

“வாயை மூடிட்டேன் சார்.”

மூடவில்லை என்பது அடுத்த நிமிஷமே தெரிந்துவிடும். அதற்குள் இந்த இருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உமாபதி முன்பு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பட்டுப்புடவைகளைச் சோதித்து வாங்கும் வேலையில் இருந்தவர். ஒரு புடவையில் ஒற்றை இழை தப்பியிருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தபோது, தப்பு செய்கிறவர்கள் பயந்ததைவிட நெசவு செய்கிறவர்கள் நிம்மதி அடைந்ததுதான் அதிகம். ஜெயப்ரியா ஓரிக்கையிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவள். வண்டி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, பில் போடுவது எல்லாம் சம்பளத்துக்கு. பேச்சு இலவசம்.

எதிரில் இருந்தவள் புவனேஸ்வரி. பிள்ளையார்பாளையத்தில் கணவனும் மனைவியுமாகப் பட்டு நெய்கிறவர்கள். இருக்கும் வாடகை வீட்டை இடித்து லாட்ஜ் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

“வேற வாடகை வூடு பாக்கலாமில்ல?” என்று கேட்டாள் ஜெயப்ரியா.

“எங்களுது குழித்தறிம்மா. தரையில இடுப்பளவு குழி தோண்டி, அதுல காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்யணும். உங்க ஹால்ல ஒரு குழி தோண்டிக்கட்டுமான்னு கேட்டுப் பாரு, எந்த வூட்டுக்காரன் சரின்றான்னு.”

“எங்க வூட்டுல ஆணி அடிக்கவே விடமாட்டாங்க,” என்று ஜெயப்ரியா ஒத்துக்கொண்டாள்.

அதனால்தான் நகை, சீட்டு, சேமிப்பு எல்லாவற்றையும் திரட்டி ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு மனை வாங்க ஏற்பாடு. முன்பணம் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை பத்திரப்பதிவு. இன்று சனி.

“எங்க குடும்பத்துல ஒரு பழக்கம் சார். தறி போடப்போற இடத்துல முதல்ல குழியை மட்டும் தோண்டுவோம். அதுல நவதானியம் தூவி, ஒரு மண்டலம் தினம் ஒரு சொம்புத் தண்ணி ஊத்துவோம். நல்லா முளைச்சா அந்த இடத்துல தறி ஓடும்னு அர்த்தம். ஒம்பதும் முளைச்சுது. வெயில்ல காஞ்சும் போச்சு, அது சகஜம். ஆனா நடுவுல இன்னொண்ணு வந்து நின்னுக்கினு இருக்குது. நாங்க போடாதது. அது மட்டும் வாடல.”

“எப்படி இருக்கும்?” என்றார் உமாபதி.

“ஒரு காம்பு, உச்சியில நாலே நாலு இலை. சாயங்காலம் ஆனா நாலையும் கைகூப்பற மாதிரி மடிச்சுக்குது சார். எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.”

“மரியாதை தெரிஞ்ச செடி,” என்றாள் ஜெயப்ரியா.

“செடி இல்லம்மா, செய்வினை. யாரு வச்சான்னும் தெரியும். என் நாத்தனார் சங்கரி. பக்கத்து மனை அவளுது. எங்களுது மூலை மனை. அது அவளுக்கு வேணும்னு முதல் நாள்லேர்ந்து கேட்டுக்கினு இருந்தா. நான் பயந்து விட்டுக்கொடுத்துடுவேன்னு குழியில கொண்டாந்து நட்டுட்டா. நீங்க அதை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. அவதான்னு தெரிஞ்சா, அப்புறம் சாவுக்கும் வாழ்வுக்கும் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

உமாபதி பேனாவின் மூடியைத் திருகினார். “பத்திரம் சுத்தமா இருக்குதா?”

“வக்கீல் பார்த்துட்டார் சார். மேட்டு நிலம், வில்லங்கம் இல்ல.”

“அப்ப கிளம்பலாம். அந்தப் பத்தாவது ஆளைப் பார்த்துட்டு வந்துடறோம்.”

*

‘கற்பகத்தரு நகர்’ என்ற வளைவுக்குப் பின்னால் கற்பகத்தரு எதுவும் இல்லை. வேறு தருவும் இல்லை. செம்மண் பரப்பில் வெள்ளையடித்த மனைக்கற்களும், கயிற்றில் கட்டிய கலர்க் காகிதக் கொடிகளும் சித்திரை வெயிலில் பளபளத்தன. வெள்ளைக் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், இவர்கள் மூலை மனைப் பக்கம் போவதைக் கண்டதும் இறங்கி வந்தார். இறங்கும்போதே கும்பிட்டுக்கொண்டு வந்தவர் நகரின் உரிமையாளர் கண்ணாயிரம்.

“வாங்க வாங்க. புவனேஸ்வரி அம்மாவுக்குச் சொந்தமா? மூலை மனை, காத்து பிச்சிக்கினு போவும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து வேர்க்கடலை போட்ட பூமி சார் இது. கால் வச்சாலே லாபம்.”

“அந்தச் செடியைப் பார்க்க வந்தோம்,” என்றார் உமாபதி.

கண்ணாயிரத்தின் முகம் மலர்ந்தது. மறைப்பார், மழுப்புவார் என்று எதிர்பார்த்திருந்த ஜெயப்ரியா அசந்துபோனாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரோஸ் நிற நோட்டீஸை எடுத்து நீட்டினார். அதில் அந்தச் செடியின் படம், அதைச் சுற்றி ஒளிவட்டம், கீழே கொட்டை எழுத்து: ‘நாலிலை தானாய் முளைக்கும் நல்யோக பூமி!’

“வெளிநாட்டுல நாலிலைச் செடி கண்ணுல பட்டாலே ஆயுசுக்கும் யோகமாம் சார். அங்கெல்லாம் தேடி அலையறாங்க. நம்ம மனையில தானா வந்து நிக்குது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சைட் விசிட். வேன் ஃப்ரீ, பிரியாணி ஃப்ரீ. எல்லாருக்கும் இதைத்தான் காட்டப் போறேன்.”

“செடியும் ஃப்ரீயா?” என்றாள் ஜெயப்ரியா.

“மனையோட சேர்த்தும்மா.”

உமாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். முதலில் செடியைப் பார்க்கவில்லை. பழைய வேலையின் பழக்கம்; புடவையைக் கொடுத்தால் முந்தானையை விட்டுவிட்டு, முதலில் ஓரத்தைத் தடவுவார். இங்கே குழியின் சுவரைத் தடவினார். மேலே முழங்கால் உயரத்துக்குச் செம்மண். அதற்குக் கீழே கருப்பு. இரண்டும் சேரும் இடம், தனித்தனியாக நெய்து கோத்த புடவைக் கரையும் உடலும் போல ஒரே நேர்க்கோடு.

“கிராவல் மண்ணு அடிச்சு லெவல் பண்ணிக் கொடுத்திருக்கேன் சார்,” என்றார் மேலிருந்து கண்ணாயிரம். “அதுக்குத் தனியா ஒரு பைசா வாங்கல.”

“தாராள மனசு,” என்றார் உமாபதி. இப்போது செடியின் முன் குந்தி உட்கார்ந்தார். “ஜெயா, இது புளியாரையா இருந்தா வாயில வச்சா புளிக்கணும். ஒரு இலையைக் கடிச்சுப் பாரு.”

“நீங்களே கடிங்க சார். உங்களுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்குது.”

நியாயமான வாதம். உமாபதியே கடித்தார். புளிக்கவில்லை. தவிர, புளியாரைக்கு மூன்று இலை, இதற்கு நான்கு. கையால் விலக்கிப் பார்த்தார். பூ இல்லை, மொட்டு இல்லை. இன்னும் விரியாத இளங்காம்புகள் மட்டும் உச்சியில் சுருண்டு, தையற்காரர் சுருட்டி வைத்த அளவு நாடா போல இருந்தன. சாவியால் அடியில் கிளறினார். தரையோடு ஓடிய தண்டில், மிளகு அளவில் கருப்பாகச் சில உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் அழுத்தினார். நகம்தான் வலித்தது.

உருண்டைகளையும் ஒரு காம்பையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தவர், குழிச் சுவரின் அடிப்பக்கத்தில் எதையோ பார்த்து மறுபடியும் குனிந்தார். சற்று நேரம் அங்கேயே இருந்தார்.

“என்னா சார், தறி போட்டு உட்கார்ந்துட்டீங்களா?” என்றாள் ஜெயப்ரியா.

“சங்கரிக்குக் கை எவ்வளவு நீளம்னு யோசிச்சேன்,” என்று சொல்லிவிட்டு அவர் மேலே ஏறினார்.

*

ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தும் எஸ்தர், உமாபதிக்குப் பழக்கம். கல்யாணத்துக்கு வாங்கிய பட்டு அசல்தானா என்று பார்க்க வந்து அறிமுகமானவர். அன்று அது அசல் இல்லை என்று உமாபதி சொன்னதற்கு அவர் இன்னமும் நன்றியோடு இருந்தார். அவருடைய மாமியார் இன்னமும் கோபமாக இருந்தார்.

கைக்குட்டையைப் பிரித்ததும் எஸ்தர் சிரித்துவிட்டார்.

“ஆரைக்கீரை. நீராரைன்னும் சொல்லுவாங்க. இதுக்கா சார் இந்த முடிச்சு?”

“வெளிநாட்டு அதிர்ஷ்டச் செடி இல்லையா மேடம்?” என்றாள் ஜெயப்ரியா. “ஒருத்தர் இதுக்கு ஒளிவட்டமெல்லாம் போட்டு நோட்டீஸ் அடிச்சிருக்கார்.”

“அந்தச் செடி பூக்கும், காய்க்கும். இது பூக்கவே பூக்காது. இது பெரணிச் சாதி. இதோ, இளசெல்லாம் சுருண்டு சுருண்டு இருக்குது பாருங்க, பெரணிக்குத்தான் அப்படி வரும். அசல் நம்ம ஊர்ச் சரக்கு. ஏரி ஓரம், குட்டை ஓரம், நெல்வயல்னு நனைஞ்ச மண்ணு எங்க இருந்தாலும் படர்ந்துக்கினு இருக்கும்.”

“பூ இல்ல, அப்ப விதையும் இல்ல. இந்த மிளகு என்ன?”

எஸ்தர் பதில் சொல்லாமல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்தார். பிளேடால் ஓர் உருண்டையின் ஓரத்தைச் சீவி உள்ளே போட்டார். “காபி சாப்பிடுங்க. அது பாட்டுக்கு அது வேலை செய்யட்டும்.”

காபி வந்தது, குடித்தாயிற்று, ஊர்க்கதை ஓடிற்று. பேச்சின் நடுவே ஜெயப்ரியா வீலென்று கத்திவிட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். டம்ளருக்குள் அந்த உருண்டை வாய் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து வழவழவென்று ஒரு கூழ்ப்புழு, ஓரமெல்லாம் வெள்ளைப் பொட்டலங்களோடு, நெளிந்து நீண்டுகொண்டிருந்தது.

“ஜவ்வரிசிப் பாயசத்துக்கு உயிர் வந்த மாதிரி இருக்குதே மேடம்!”

“இதுதான் அதோட பெட்டி,” என்றார் எஸ்தர். “குட்டை வத்தினா இலை காஞ்சுடும். இந்தப் பெட்டி மட்டும் சேத்துல இறங்கிப் படுத்துக்கும். வருஷக்கணக்கா தூங்கும். எப்ப தோல் கீறி, எப்ப தண்ணி படுதோ, அன்னிக்கு எழுந்துக்கும்.”

“குழி தோண்டினப்ப கடப்பாரை கீறியிருக்கும். தினம் ஒரு சொம்புத் தண்ணி வேற,” என்று உமாபதி தனக்குள் சொல்லிக்கொண்டார். “இதால யாருக்கு என்ன பிரயோஜனம் மேடம்?”

“குட்டைக்கு இது ரொம்ப வேண்டப்பட்ட ஆள் சார். தண்டு வலை மாதிரி படர்ந்து கரைச் சேத்தைக் கரையவிடாம பிடிச்சுக்கும். தண்ணி ஏறினா இலை மேல மிதக்கும். அந்த நிழல்லதான் மீன்குஞ்சு, தவளைக்குஞ்சு எல்லாம் கொக்கு கண்ணுல படாம வளரும். தண்ணி இறங்கினா சேத்து மேல போர்வை மாதிரி மூடி ஈரத்தைக் காப்பாத்தும். தண்ணில இருக்கற அழுக்கைக்கூட உறிஞ்சிடும்.”

“எங்கம்மா சுகருக்கு நல்லதுன்னு இந்தக் கீரையை வாங்குவாங்க,” என்றாள் ஜெயப்ரியா.

“நல்ல தண்ணில வளர்ந்ததா இருந்தா சாப்பிடலாம். எங்க முளைச்சதுன்னு தெரியாம மட்டும் வாயில வச்சுடாதே. தண்ணில கெட்ட உலோகம் இருந்தா அதையெல்லாம் இழுத்து இலையில சேர்த்து வச்சுக்கும்.”

ஜெயப்ரியா மெதுவாகத் தலையைத் திருப்பி உமாபதியைப் பார்த்தாள். உமாபதி சன்னலைப் பார்த்தார்.

“ஒரு இலைன்னா ஒண்ணும் ஆகாதில்ல?” என்றார் சன்னலிடம்.

“ஒரு இலைக்கு ஒண்ணும் ஆகாது சார்.”

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் கடைசிக் கேள்வியைக் கேட்டார். “வேர்க்கடலை போட்ட மேட்டு நிலத்துல இது தூங்கிக்கினு இருக்க முடியுமா?”

“வேர்க்கடலைக்குத் தண்ணி நின்னா அழுகிடும். இதுக்குத் தண்ணி நிக்காட்டி வாழ்க்கையே இல்ல. மழைக்கு நிரம்பி, வெயிலுக்கு வத்தி, மறுபடி நிரம்பற இடம்தான் இதுக்கு வூடு. அந்த ரெண்டு பேரும் ஒரே வூட்டுல குடித்தனம் பண்ண மாட்டாங்க.”

வெளியே வந்து ஸ்கூட்டியின் சூடான சீட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஜெயப்ரியா கேட்டாள். “அப்ப சங்கரி நடல?”

“குழிச் சுவர்ல, கருப்பு மண்ணுலேர்ந்து பக்கவாட்டுல ரெண்டு முளை எட்டிப் பார்க்குது ஜெயா. தோண்டாத மண்ணு அது. யாராவது நடணும்னா சுவருக்குள்ள கையை விட்டு நட்டிருக்கணும். சங்கரி மேல தப்பில்ல. யாரு வச்சாங்கன்னு கேட்டதுதான் தப்பு. எப்பலேர்ந்து இருக்குதுன்னு கேட்டிருக்கணும். மேல போர்த்தின செம்மண்ணுக்கு அடியில ஒரு குட்டையே படுத்துக்கினு இருக்குது.”

“அப்ப ஐப்பசி மழைல புவனேஸ்வரி அக்காவோட தறிக்குழி கிணறு ஆயிடும். தறியில கட்டின பட்டு நூல் பாவெல்லாம் பூசணம் பிடிச்சுடும். இப்பவே போன் பண்ணிச் சொல்லிடலாம் சார்.”

“சொல்லலாம். அவங்க நம்புவாங்க. கண்ணாயிரம் என்ன சொல்வார்? ‘பொறாமைல யாரோ சேத்தோட கொண்டாந்து நட்டுட்டாங்க, அந்த ஒரு குழிதான்’னு சொல்வார். முன்பணம் போச்சு, சங்கரி பேரும் கெட்டுச்சு. மத்த மனைக்காரங்களும் மாட்டிக்குவாங்க. நகர் முழுக்க குட்டைன்னு ஒரு ஆள் சாட்சி சொல்லணும்.”

“அதுக்கு யார் வருவாங்க?”

“பிரியாணி போட்டு நம்மளைக் கூப்பிட்டிருக்காரே, அவர்.”

*

ஞாயிற்றுக்கிழமை கற்பகத்தரு நகரில் ஷாமியானா, மோர்ப்பந்தல், ஒலிபெருக்கி என்று திருவிழாக் கோலம். மனை பார்க்க வந்தவர்களும் ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுமாக மூன்று வேன்களில் ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் ஜேசிபி நின்றது. கண்ணாயிரத்தின் ஆள் ஒருவர் செல்போனைக் குச்சியில் மாட்டி, எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் நேரலையாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஷாமியானாவின் ஒரு கோடியில் புவனேஸ்வரி. மறுகோடியில் அவளுடைய நாத்தனார் சங்கரி. இருவருக்கும் நடுவில் ஊரே இருந்தது.

“அவளே வந்திருக்கா பாருங்க சார்,” என்று புவனேஸ்வரி பல்லைக் கடித்தாள். “கேட்டுடட்டுமா?”

“கொஞ்ச நேரம் பொறுங்கம்மா. என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதீங்க.”

“அது ரொம்பக் கஷ்டம்கா,” என்று ஜெயப்ரியா ஆறுதல் சொன்னாள். “எனக்கு இன்னும் வரல.”

மைக்கில் கண்ணாயிரம் உச்சத்தில் இருந்தார். “...தேடிப் போனாலும் கிடைக்காத நாலிலை! தானா வந்து நிக்குது! இது என் பூமி செய்யற அதிசயம்!”

உமாபதி எழுந்து நின்று கையைத் தூக்கினார். “ஐயா, ஒரு சந்தேகம். செடி அந்த மூலை மனையில மட்டும்தான் இருக்குது. வாங்க வந்தவங்களை மயக்கறதுக்கு நீங்களே நட்டு வச்சீங்கன்னு ஊர்ல பேச்சு.”

கூட்டத்தில் சலசலப்பு. கண்ணாயிரத்தின் காது சிவந்தது. “யாரு சொன்னது? நான் நடலை சார். சத்தியமா நடலை!”

“அப்ப மூலை மனைக்கு மட்டும்தான் யோகமா? மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?” என்று ஜெயப்ரியா எடுத்துக் கொடுத்தாள். வேனில் வந்திருந்த ஒரு பெரியவர், “ஆமா, நாங்களும் அதே காசுதானே கொடுக்கறோம்,” என்றார். இன்னும் நான்கு பேர் ஆமாம் போட்டார்கள்.

உமாபதி கைக்குட்டையை விரித்துக் காட்டினார். “இந்தக் கருப்பு உருண்டை இருக்குதே, இதுதான் அந்தச் செடியோட மூலம். இது இருக்கற மண்ணுல தண்ணி பட்டா செடி வந்துடும். மத்த மனையிலயும் இது இருந்தா, நீங்க நடலை, பூமியே கொடுக்குதுன்னு ஒத்துக்கலாம். இல்லாட்டி...”

“இல்லாட்டி என்ன இல்லாட்டி!” கண்ணாயிரம் மைக்கை மேசையில் போட்டார். “பழனி! ஜேசிபியை எடுப்பா! எங்க தோண்டணும்னு இவரே காட்டட்டும்!”

உமாபதி காட்டவில்லை. கூட்டத்தையே காட்டச் சொன்னார். வடக்குக் கோடியில் ஒன்று, நடு ரோட்டை ஒட்டி ஒன்று, பூங்கா வரப்போவதாகச் சொன்ன இடத்தில் ஒன்று, சங்கரியின் மனையில் ஒன்று. ஜேசிபி செம்மண்ணைக் கிழித்து உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் கருகருவென்று களிமண்ணை அள்ளி வெளியில் கொட்டியது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்களும், வேட்டியை மடித்துக்கொண்டு ஆண்களும் அதைச் சூழ்ந்து உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

“எனக்கு ஒண்ணு!”

“இங்க கொத்தாவே இருக்குது!”

“இதென்ன வெள்ளையா?” என்றாள் ஜெயப்ரியா, ஒரு சின்ன ஓட்டைத் தூக்கிப் பிடித்து.

“நத்தை ஓடும்மா. அதுவும் யோகம்தான்!” என்றார் கண்ணாயிரம். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கையிலும் கருப்பு உருண்டைகளை அள்ளிக்கொண்டு செல்போனுக்கு முன்னால் வந்து நின்றார். “பாருங்க மக்களே! மூலைக்கு மூலை! எந்த மனையைத் தோண்டினாலும் இருக்குது. கற்பகத்தரு நகர் முழுக்க இதே மண்ணுதான்!”

“முழுக்கவா? கேரண்டியா?” என்றார் உமாபதி.

“கேரண்டி சார்! எழுதிக்கூடத் தர்றேன்!”

“வேணாம். நேரலையில சொல்லிட்டீங்க, அது போதும்.” உமாபதி மேசையில் கிடந்த மைக்கை எடுத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. “இந்தச் செடிக்குப் பேர் ஆரைக்கீரை. அதிர்ஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மாசக்கணக்கா தண்ணி நின்னு, சேறு கட்டின இடத்துலதான் வளரும். நீங்க பொறுக்கினது எல்லாம் அது தண்ணிக்காகக் காத்துக்கினு தூங்கின பெட்டி. நத்தையும் வேர்க்கடலைக் கொல்லையில குடியிருக்காது. இது குட்டை. மேல ஒரு முழங்கால் செம்மண்ணைக் கொட்டி மனை போட்டிருக்காங்க. சுத்துவட்டாரத்து மழைத்தண்ணி இவ்வளவு நாளா எங்க வந்து நின்னுதோ, ஐப்பசியில அங்கதான் வரும். பத்திரம் மாறிடுச்சுன்னு அதுக்கு யாரும் போய்ச் சொல்லப் போறதில்ல.”

ஒலிபெருக்கி உய்யென்றது. கையில் கருப்பு உருண்டைகளோடு குந்தியிருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணாயிரத்தின் விரல்கள் மெதுவாகத் திறந்தன. உருண்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. குச்சியில் செல்போனைப் பிடித்திருந்தவர், நிறுத்தவா வேண்டாமா என்று முதலாளியைச் சைகையில் கேட்டார். அதுவும் நேரலையில் போனது.

“இன்னும் நாலு லோடு கிராவல் அடிச்சா சரியாயிடும்...” என்று ஆரம்பித்தார் கண்ணாயிரம்.

“லேக் வியூன்னு பேரை மாத்திடுங்க சார்,” என்றாள் ஜெயப்ரியா. “ஹாலுக்குள்ளேயே லேக்கு.”

வேனில் வந்த பெரியவர் முன்பண ரசீதை எடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் எடுத்தார்கள். இந்தக் களேபரத்தில் சங்கரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராகப் புவனேஸ்வரியிடம் வந்தாள்.

“அண்ணி, இந்தச் செடியை நான்தான் நட்டேன்னு சொன்னீங்களாமே. மோர்ப்பந்தல்ல பேசிக்கறாங்க.”

புவனேஸ்வரி செடியைப் பார்த்தாள், ஜேசிபியைப் பார்த்தாள், பிரியாணி அண்டாவைக்கூடப் பார்த்தாள். “மூலை மனையை வேணும் வேணும்னு நீ கேட்டியா இல்லையா?”

“கேட்டேன். இப்ப வச்சுக்கங்க. நான் கேக்கல.”

“எனக்கும் வேணாம்டி.”

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தபடி நின்றார்கள். முதலில் சிரித்தது யார் என்று ஜெயப்ரியாவாலும் பிற்பாடு சொல்ல முடியவில்லை.

அதற்குள் கண்ணாயிரம் வியர்க்க விறுவிறுக்க அங்கே வந்துவிட்டார். “புவனேஸ்வரி அம்மா, உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா செஞ்சு தர்றேன். தறிக்குழியை அடியிலேர்ந்து சிமென்ட் போட்டு, வாட்டர் ப்ரூஃப் அடிச்சு, டைல்ஸ் ஒட்டி... நாளைக்குப் பத்திரத்தை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா.”

புவனேஸ்வரி குழியின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். தறியில் உட்காருவது போலவே இரண்டு காலையும் உள்ளே விட்டுத் தொங்கப்போட்டாள். தறியின் மிதிபலகை இருக்கவேண்டிய இடத்தில் பாதத்தை வைத்து, ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“இதுல ஒரு தவளையை உட்கார வச்சு நெய்யச் சொல்லுங்க. முந்தானைக்கு என்ன டிசைன் போடறதுன்னு வேணா நான் வந்து சொல்லித் தர்றேன். நான் கொடுத்த முன்பணத்தை எடுங்க.”

“ஞாயித்துக்கிழமைம்மா, இன்னிக்கு எப்படி...”

பின்னால் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கண்ணாயிரம் திரும்பினார். அவருடைய வெள்ளைக் காரின் முன்சீட்டில் சங்கரி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏசிக்காக அவர் அணைக்காமல் விட்டிருந்த இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சன்னலை இறக்கி, ஓட்டுநர் இருக்கையைத் தட்டிக் காட்டினாள்.

“வாங்க அண்ணி. பணம் கைக்கு வர்ற வரைக்கும் இதுதான் நம்ம வூடு. ஏசிகூட இருக்குது.”